‘பிள்ளை பெத்தாச்சு, எடுத்துடலாம்’

1995 மே மாதம். டெல்லியில் மணமாகாத 44 வயதுப் பெண் ஒருவர், ஒன்பது நாளாகியும் மாதவிடாய் நிற்காததால் மருத்துவரிடம் போனார். ஸ்கேன் எடுத்தார்கள். உள்ளே என்னதான் இருக்கிறதென்று லேப்ராஸ்கோப்பி வைத்துப் பார்த்துவிடலாம் என்றார்கள். மறுநாள் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டார். அவர் மயக்கத்தில் கிடந்தபோது உதவி மருத்துவர் வெளியே வந்து, காத்திருந்த தாயிடம் ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டு உள்ளே போனார். கண் விழித்த பெண்ணுக்குக் கர்ப்பப்பை இல்லை. இரண்டு சினைப்பைகளும் இல்லை.

வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2008 ஜனவரி 16 அன்று வந்த தீர்ப்பு சொன்னது இதுதான்: சோதனைக்குத் தந்த சம்மதம் சிகிச்சைக்கான சம்மதம் ஆகாது. சுயநினைவும் தெளிவும் உள்ள, வயது வந்த பெண்ணுக்காக அவளைப் பெற்ற தாய்கூடக் கையெழுத்துப் போட முடியாது. உடனே செய்யாவிட்டால் உயிருக்கு ஆபத்து என்ற நிலை இருந்தால் ஒழிய, அவர் மயக்கம் தெளியும்வரை காத்திருந்து கேட்டிருக்க வேண்டும். மருத்துவர் கட்டணம் கேட்கக் கூடாது, மேலே 25,000 ரூபாய் இழப்பீடும் தர வேண்டும் என்று முடிந்தது வழக்கு. பதின்மூன்று வருட அலைச்சலுக்கு 25,000 ரூபாய்! தொகை அற்பம்தான். ஆனால் அறுவை சிகிச்சைக்கு முன் நீட்டப்படும் ஒவ்வொரு சம்மதப் படிவத்துக்கும் பின்னால் இன்று அந்தத் தீர்ப்பு நிற்கிறது.

அந்தப் பெண்ணுக்கு இருந்தது எண்டோமெட்ரியோசிஸ் என்றார் மருத்துவர். நம் ஊரில் இதே கதையின் தொடக்கத்தில் பெரும்பாலும் வேறொரு சொல் இருக்கும்: ஃபைப்ராய்டு. ஸ்கேன் அறிக்கையில் அந்தச் சொல்லைப் பார்த்ததும் வீட்டில் கூடும் பஞ்சாயத்து எல்லோருக்கும் தெரிந்தது. “கட்டியாம்.” “புத்துநோயா இருக்குமோ?” “அதான் ரெண்டு பிள்ளை பெத்தாச்சே, இனி அது எதுக்கு? எடுத்துப் போட்டுட்டா நிம்மதி.” பேசுகிறவர்கள் எல்லோரும் அக்கறையோடுதான் பேசுகிறார்கள். அறுவை மேசையில் படுக்கப் போகிறவளிடம் மட்டும் யாரும் கேட்பதில்லை.

மாதவிடாயில் அளவுக்கு மீறி ரத்தம் போவதற்குத் தமிழில் பழைய பெயர் ‘பெரும்பாடு’. ‘பெரும்பாடு பட்டேன்’ என்று இன்று எதற்கெல்லாமோ சொல்கிறோம். அது ஒரு நோயின் பெயர் என்பதே பலருக்கு மறந்துவிட்டது. பேரைப் போலவே பாடும் பெரிது. ஒரு மாதவிடாயில் 80 மில்லிக்கு மேல் போனால் அதிகம் என்பது மருத்துவக் கணக்கு. யாரும் அளந்து பார்க்கப் போவதில்லை. ஒரு மணி நேரத்துக்கோ இரண்டு மணி நேரத்துக்கோ ஒருமுறை நாப்கின் மாற்றவேண்டி வருவது, கட்டி கட்டியாக விழுவது, ஏழு நாளைத் தாண்டியும் நிற்காமல் போவது, இரவில் எழுந்து பாயை மாற்றுவது எல்லாம் அதற்கான அடையாளங்கள். ‘பொம்பளைன்னா அப்படித்தான்’ என்று வருடக்கணக்கில் பொறுத்துக்கொண்டு, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும் நிலைக்கு வந்த பிறகே பலர் மருத்துவரிடம் போகிறார்கள். 12 இருக்க வேண்டிய ஹீமோகுளோபின் அப்போது 6, 7 என்று நிற்கும். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை. எல்லாம் கட்டியால் வந்ததல்ல. ஆனால் ஏற்கெனவே ரத்தம் குறைந்த உடம்பில் பெரும்பாடும் சேர்ந்தால் என்ன ஆகும்?

கர்ப்பப்பை ஒரு தசைப் பை. அந்தத் தசையில் ஒரு செல் மட்டும் தடம் மாறிப் பெருகி, நார்த்திசுவோடு உருண்டையாகத் திரள்வதே ஃபைப்ராய்டு, அதாவது நார்த்திசுக் கட்டி. கடுகளவும் இருக்கும், தேங்காய் அளவும் இருக்கும். ஒன்றும் இருக்கும், இருபதும் இருக்கும். ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் ஹார்மோன்கள்தான் அதற்குத் தீனி. அதனால் மாதவிடாய் நின்றபின் பெரும்பாலும் தானாகச் சுருங்கிவிடும். அமெரிக்காவில் ஸ்கேன் வைத்துத் தேடிப் பார்த்த ஆய்வொன்றில், 50 வயதுக்குள் வெள்ளையினப் பெண்களில் 70 சதவீதம் பேருக்கும் கறுப்பினப் பெண்களில் 80 சதவீதத்துக்கும் மேலானோருக்கும் கட்டி இருந்தது. அவர்களில் பெரும்பகுதிக்கு அது இருப்பதே தெரியாது. வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் தற்செயலாகத் தென்பட்டு, எந்தத் தொல்லையும் தராத கட்டிக்குச் சிகிச்சையே தேவையில்லை. அவ்வப்போது பார்த்துக்கொண்டால் போதும்.

தொல்லை தருமா என்பதை அளவைவிட இடமே முடிவு செய்கிறது. பையின் உட்புறம் துருத்திக்கொண்டிருக்கும் சுண்டைக்காய் அளவுக் கட்டி ரத்தத்தைக் கொட்டவைக்கும், கரு தங்கவும் விடாது. வெளிப்புறம் தொங்கும் ஆரஞ்சு அளவுக் கட்டி சும்மா கிடக்கும். மிஞ்சினால் சிறுநீர்ப்பையை அழுத்தி அடிக்கடி எழவைக்கும். ஆகவே அறிக்கையில் ‘5 செ.மீ.’ என்ற எண்ணைப் பார்த்துப் பதறுவதைவிட, ‘உள்ளேயா, சுவருக்குள்ளா, வெளியேயா’ என்று கேட்பது மேல்.

புற்றுநோய் பயத்தையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பல பெண்களை அறுவை மேசையில் படுக்க வைப்பது அதுதான். நார்க்கட்டி புற்றுநோயாக மாறுவதாகச் சான்று இல்லை. அதே தசையில் தனியாகத் தோன்றும் சார்கோமா என்ற அரிய புற்றுநோய் உண்டு. ஸ்கேனில் அதுவும் நார்க்கட்டியைப் போலவே தெரியலாம். கட்டி என்று நம்பி அறுவைக்குப் போனவர்களில் ஏறத்தாழ 350 பேரில் ஒருவருக்கு அது மறைந்திருந்ததாக அமெரிக்க மருந்து நிர்வாகம் 2014-ல் கணக்கிட்டது. லேப்ராஸ்கோப்பியில் கட்டியை வயிற்றுக்குள்ளேயே துருவி எடுக்கும் மார்செலேட்டர் கருவி அந்தப் புற்றைப் பரப்பிவிடலாம் என்றும் அப்போது எச்சரித்தது. மாதவிடாய் நின்ற பிறகும் கட்டி வளர்ந்தால், நின்றபின் மீண்டும் ரத்தம் பட்டால், தள்ளிப்போடவே கூடாது. மற்றவர்களை ‘இன்னிக்கே எடுக்கலேன்னா கேன்சராயிடும்’ என்று ஒருவர் அவசரப்படுத்தினால், அங்கிருந்து எழுந்து இன்னொரு மருத்துவரைப் பார்ப்பதே சரி.

அவர் என்ன சொல்லக்கூடும்? முதலில் மாத்திரைகள். மாதவிடாய் நாள்களில் மட்டும் போடும் டிரானெக்சாமிக் அமிலம் ரத்தப்போக்கைக் குறைக்கும், மெஃபனாமிக் அமிலம் வலியையும் தணிக்கும். கட்டி அப்படியே இருக்கும், பாடு குறையும். ஹார்மோன் கசியும் சுருள் ஒன்றைக் கர்ப்பப்பைக்குள் பொருத்திவிட்டால் சில ஆண்டுகளுக்குப் போக்கு வெகுவாக மட்டுப்படும்; உட்குழி உருக்குலைந்திருந்தால் அது நிற்காமல் வெளியே வந்துவிடலாம். லியூப்ரோலைடு போன்ற ஊசி கட்டியைச் சுருக்கும். ஆனால் உடலைத் தற்காலிகமாக மாதவிடாய் நின்ற நிலைக்குத் தள்ளும், எலும்பும் தேயும் என்பதால் அறுவைக்கு முந்தைய சில மாதங்களுக்குத்தான் பொதுவாகப் போடுகிறார்கள். நாற்பத்தெட்டு வயதில் இருப்பவருக்கு மாதவிடாய் நிற்கும்வரை மருந்தாலேயே கடத்திவிடுவதும் ஒரு நல்ல வழி.

அடுத்தது, பையை விட்டுவிட்டுக் கட்டியை மட்டும் எடுக்கும் மயோமெக்டமி. இதற்கு ஒரு கதை உண்டு. லண்டனின் புகழ்பெற்ற அறுவை மருத்துவர் விக்டர் பானியின் மனைவிக்கு, கட்டியால் வந்த ரத்தப்போக்குக்காகக் கர்ப்பப்பையை எடுத்தார்கள். அந்தத் தம்பதிக்குக் குழந்தை இல்லாமலே போனது. எல்லோரும் பையையே எடுத்துக்கொண்டிருந்த இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், கட்டியை மட்டும் எடுக்க முடியும் என்று பானி வாதாடினார். அறுக்கும்போது ரத்தம் கொட்டாமல் பிடித்துக்கொள்ள அவர் வடிவமைத்த இடுக்கி இன்றும் அவர் பெயரில்தான் இருக்கிறது. இப்போது உட்குழிக் கட்டியை வயிற்றில் கீறலே இல்லாமல், கீழ்வழியாக ஹிஸ்டிராஸ்கோப் செலுத்திச் சீவி எடுத்துவிடுகிறார்கள். மற்றவற்றுக்கு லேப்ராஸ்கோப்பி அல்லது திறந்த அறுவை. குறை என்னவென்றால் கட்டி மறுபடி முளைக்கலாம். நடிகை லுபிட்டா நியோங்கோவுக்கு 2014-ல், ஆஸ்கர் வாங்கிய அதே ஆண்டில், நார்க்கட்டிகள் கண்டறியப்பட்டன. அறுவை செய்தும் கட்டிகள் திரும்ப வந்துவிட்டதாகப் பின்னர் அவரே சொன்னார்.

டெல்லியில் அந்தப் பெண் மேசையில் கிடத்தப்பட்ட அதே 1995-ல், பாரிஸில் ஜாக் ரவினா என்ற மருத்துவரின் குழு ஒரு புது வழியை ‘லான்செட்’ இதழில் எழுதியது. அறுவையின்போது ரத்தம் குறையட்டும் என்று முன்கூட்டியே கர்ப்பப்பைத் தமனிகளை அடைத்துப் பார்த்திருக்கிறார்கள். அடைத்த பிறகு சில பெண்களுக்குத் தொல்லையே போய்விட, அறுவைக்கே அவசியமில்லாமல் போனது! எம்போலைசேஷன் பிறந்தது இப்படித்தான். தொடையிடுக்கிலோ மணிக்கட்டிலோ ஊசித்துளை போட்டு, மெல்லிய குழாயைத் தமனிக்குள் செலுத்தி, மணல்போன்ற துகள்களைவிட்டு கட்டிக்குப் போகும் ரத்தத்தை நிறுத்துகிறார்கள். தீனி நின்ற கட்டி மாதக்கணக்கில் வாடிச் சுருங்குகிறது. அமெரிக்க வெளியுறவு அமைச்சராகப் பொறுப்பேற்கவிருந்த நேரத்தில், 2004 நவம்பரில் காண்டலீசா ரைஸ் செய்துகொண்டது இதைத்தான். முதல் நாள் வலி கடுமையாக இருக்கும். ஐந்தாண்டுக்குள் ஏறத்தாழ நூற்றுக்கு முப்பது பேருக்கு மறுபடி ஏதாவது செய்ய வேண்டிவந்ததாக ஐரோப்பிய ஆய்வுகள் காட்டின. இனிமேல் பிள்ளை பெற நினைப்பவர்களுக்கு இது முதல் தேர்வும் அல்ல.

நம் ஊரில் இது ஏன் அதிகம் காதில் விழுவதில்லை? செய்பவர் மகப்பேறு மருத்துவர் அல்ல, இண்டர்வென்ஷனல் ரேடியாலஜிஸ்ட். வேறொரு துறைக்காரர் கையில் இருக்கும் வழியை நோயாளி கேட்டால்தான் பேச்சே எழும். பெரிய நகரங்களில் அவர்கள் இருக்கிறார்கள்.

கர்ப்பப்பையை எடுப்பதே தவறு என்று எண்ணிவிடவும் கூடாது. பிற வழிகள் பலிக்காமல், பிள்ளைப்பேறும் முடிந்து, வருடக்கணக்காக ரத்தமிழந்த பெண்ணுக்கு அது உண்மையான விடுதலை. கட்டி திரும்ப வராது என்று உறுதி சொல்லக்கூடிய ஒரே சிகிச்சையும் அதுதான். யார், எப்போது, எதைத் தெரிந்துகொண்டு முடிவெடுக்கிறார் என்பதே சிக்கல். சினைப்பைகளையும் சேர்த்து எடுத்துவிட்டால், முப்பத்தைந்து வயதுக்காரி ஒரே நாளில் மாதவிடாய் நின்றவளாகிறாள். வெக்கை, எலும்புத் தேய்வு, இதய நோய் எல்லாம் முன்கூட்டியே வரலாம். ‘பையை மட்டுமா, சினைப்பையையுமா’ என்று அறுவைக்கு முன்பே கேட்டு, பதிலைப் படிவத்தில் எழுத வைக்க வேண்டும்.

2019-ல் மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டம் செய்தியில் அடிபட்டது. கரும்பு வெட்டப் போகும் பெண்களில் 82,000-க்கும் மேற்பட்டோரிடம் அரசு கணக்கெடுத்தபோது, 13,000-க்கும் அதிகமானோருக்குக் கர்ப்பப்பை இல்லை. சொல்லப்பட்ட காரணம் இது: மாதவிடாய் என்று விடுப்பெடுத்தால் கூலி போகும், அபராதம் விழும். பிகார், சத்தீஸ்கர், ராஜஸ்தானில் காப்பீட்டுப் பணத்துக்காகத் தேவையற்ற அறுவைகள் நடந்ததாக நரேந்திர குப்தா என்ற பொதுச் சுகாதார மருத்துவர் 2013-ல் பொதுநல வழக்குப் போட்டார். பத்தாண்டு கழித்து, 2023 ஏப்ரல் 5 அன்று, ஒன்றிய அரசின் 2022-ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகளை எல்லா மாநிலங்களும் மூன்று மாதத்துக்குள் ஏற்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. மாவட்டம்தோறும் கண்காணிப்புக் குழு வேண்டும் என்கின்றன அந்த நெறிகள். முன்பு சொன்ன தேசியக் குடும்பநல ஆய்வின்படி 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் நூற்றுக்கு மூன்று பேருக்குச் சற்று அதிகமாகக் கர்ப்பப்பை எடுக்கப்பட்டிருக்கிறது. பக்கத்திலிருக்கும் ஆந்திரத்திலும் தெலங்கானாவிலும் அது இரண்டு மடங்குக்கும் மேல்.

காப்பீட்டு அட்டை உள்ள பெண்ணுக்குக் கையில் ஒரு வசதி இருக்கிறது, கூடவே ஓர் ஆபத்தும். ‘கார்டு இருக்கில்லம்மா, ஒரு பைசா செலவில்லை’ என்ற வாக்கியம் அறுவைக்குக் காரணம் ஆகாது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மகப்பேறுப் பிரிவில் இரண்டாவது கருத்துக் கேட்டுக்கொள்ளலாம். கட்டிக்கான அறுவை பெரும்பாலும் அவசர அறுவை அல்ல. இரண்டு வாரம் யோசிப்பதால் எதுவும் கெட்டுவிடாது. அந்த இடைவெளியில் ரத்தத்தையாவது ஏற்றிக்கொள்ளலாம், இரும்புச்சத்து மாத்திரையாலோ ஊசியாலோ.

தவறு நடந்துவிட்டால்? மருத்துவ ஆவணங்களின் நகலை எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தந்தாக வேண்டும் என்பது மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு விதி. கேட்கத் தாமதிக்கவும் கூடாது. மூன்று ஆண்டுகள்தான் அவற்றைப் பாதுகாக்கும் கடமை. மருத்துவரின் நடத்தை குறித்து மாநில மருத்துவக் கவுன்சிலில் புகார் தரலாம். பணம் கட்டிப் பெற்ற சிகிச்சை என்றால் நுகர்வோர் சட்டத்தின் கீழ் வரும் என்பது 1995-லேயே உச்ச நீதிமன்றம் உறுதிசெய்த விஷயம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட இரண்டு வருட அவகாசம்.

மஞ்சள் பையில் சேர்த்துவைக்க வேண்டிய காகிதங்களில் ஒன்றை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். எடுத்த கட்டியையோ கர்ப்பப்பையையோ ஆய்வகத்துக்கு அனுப்பி வாங்கும் திசுப் பரிசோதனை அறிக்கை அது. உள்ளே உண்மையில் என்ன இருந்தது, என்னென்ன எடுக்கப்பட்டது என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். தையல் பிரிக்கப் போகும் நாளில் அதைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.