என்பின் வலிமை

நுழையும்முன்

வீட்டில் மூத்தவர் ஒருவர் கால் தவறி விழுகிறார், இடுப்பெலும்பு முறிகிறது. விழுந்ததனால்தான் முறிந்தது என்று நாம் எண்ணுகிறோம். அவ்வெலும்போ பல்லாண்டுகளுக்கு முன்பே வலுவிழக்கத் தொடங்கியிருக்கக்கூடும். வலியின்றி நிகழும் அவ்விழப்பை முன்கூட்டியே அறியவும் தடுக்கவும் வழியுண்டா?

உடலுக்குள் ஒரு நெசவு

திருவள்ளூர் மாவட்டத்தில், ஆந்திர எல்லைக்கு அருகே உள்ள ஆர்.கே.பேட்டை வட்டாரம் நெசவுக்குப் பெயர் பெற்றது. நெருக்கமாக நெய்த துணி இழுப்பைத் தாங்கும். இழை நெகிழ்ந்த துணி சிறு இழுப்பிலும் கிழியும் என்பதை இவ்வூர் நெசவாளர் நன்கறிவர். எலும்பும் அத்தகையதே. கொலாஜன் என்னும் புரத இழைகளின்மீது கால்சியமும் பாஸ்பரசும் படிந்து எலும்பு உருவாகிறது. உடலிலுள்ள கால்சியத்தில் ஏறத்தாழ 99 விழுக்காடு எலும்புகளிலும் பற்களிலுமே உள்ளது.

திருவள்ளுவர் அன்புடைமை அதிகாரத்தில் எலும்பை 'என்பு' என்று குறிப்பிடுகிறார். அந்த என்பு உயிருள்ள திசுவாகும். பழைய எலும்பை அரிக்கும் செல்களும் புதிய எலும்பை ஆக்கும் செல்களும் வாழ்நாள் முழுவதும் இயங்குகின்றன. இளமையில் ஆக்கம் மிகுதி. முப்பது வயதையொட்டி எலும்பின் திண்மை உச்சத்தை எட்டுகிறது. பின்னர் அழிவு மெல்ல மேலோங்குகிறது. மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் குறைவதால் பெண்களுக்கு இவ்விழப்பு விரைவாகிறது. எலும்பு மிகவும் வலுவிழந்த நிலையே எலும்புப்புரை எனப்படுகிறது.

அளந்தறியும் முறை

எலும்பின் திண்மையை அளக்கப் பயன்படும் முதன்மையான முறை 'டெக்சா' ஆகும். வெவ்வேறு ஆற்றலுடைய இரு எக்ஸ் கதிர்கள் இடுப்பு, கீழ்முதுகு ஆகிய பகுதிகளின் வழியே செலுத்தப்படுகின்றன. எலும்பும் தசையும் அவற்றை வெவ்வேறு அளவில் உறிஞ்சுகின்றன. அவ்வேறுபாட்டைக் கொண்டு எலும்பிலுள்ள கனிமத்தின் அளவு கணக்கிடப்படுகிறது. சில நிமிடங்களில் முடியும் இச்சோதனையில் வலியில்லை. கதிர்வீச்சும் மிகக் குறைவு.

முடிவு 'டி மதிப்பெண்' என்னும் எண்ணாகத் தரப்படும். நலமான இளையோரின் சராசரித் திண்மையிலிருந்து ஒருவரது அளவு எவ்வளவு விலகியுள்ளது என்பதை அது காட்டும். உலக சுகாதார நிறுவனத்தின் வரையறைப்படி, -1 அல்லது அதற்கு மேல் இருப்பின் இயல்புநிலை, -1க்கும் -2.5க்கும் இடைப்பட்டால் திண்மைக் குறைவு, -2.5 அல்லது அதற்குக் கீழ் இருப்பின் எலும்புப்புரை. முகாம்களில் குதிகாலில் செய்யப்படும் ஒலியலைச் சோதனை ஒரு தொடக்கநிலைக் கணிப்பே. நோயை உறுதிசெய்ய அது போதாது.

அறுபத்தைந்து வயதைக் கடந்த பெண்களுக்கு இச்சோதனை பரிந்துரைக்கப்படுகிறது. சிறு விழுதலிலேயே எலும்பு முறிந்தவர்கள், ஸ்டீராய்டு மருந்துகளை நெடுங்காலம் உட்கொள்பவர்கள் முதலியோர் அதற்கு முன்பே மருத்துவரை நாடவேண்டும்.

மூட்டுவலி வேறு, எலும்புப்புரை வேறு

முழங்கால் வலித்தாலே எலும்பு தேய்ந்துவிட்டது என்பது பலரது எண்ணம். முதுமையில் காணப்படும் முழங்கால் வலிக்குப் பெரும்பாலும் மூட்டின் குருத்தெலும்புத் தேய்மானமே காரணம். முடக்குவாதத்தில் உடலின் நோய் எதிர்ப்பு ஆற்றலே மூட்டுகளைத் தாக்குகிறது. காலையில் விரல்மூட்டுகள் நெடுநேரம் விறைத்திருப்பது அதன் அறிகுறி. யூரிக் அமிலப் படிகங்கள் மூட்டில் சேர்வதால் தோன்றுவது கௌட் எனப்படும் மூட்டுவாதம். இவற்றை டெக்சா சோதனை காட்டாது. எலும்புப்புரையோ முறிவு நேரும்வரை பெரும்பாலும் வலியே தருவதில்லை.

வெயிலும் உணவும்

உணவிலுள்ள கால்சியத்தைக் குடல் ஏற்க வைட்டமின் டி தேவை. தோலில் வெயில் படும்போது உடலே அதை உருவாக்கிக்கொள்கிறது. ஆயினும், வெயில் மிகுந்த நம் பகுதியிலும் குறைபாடு உள்ளது. எல்லைக்கு அப்பால், திருப்பதி மருத்துவ ஆய்வாளர்கள் 2007இல் வெளியிட்ட ஆய்வு, நகரத்தார், கிராமத்தார் ஆகிய இருசாராரிடமும் வைட்டமின் டி குறைவைக் கண்டது. கிராமத்தாரைவிட நகரத்தாரிடம் அக்குறைவு மிகுதி. இருசாரார் உணவிலும் கால்சியம் குறைவாகவும், அதை உடல் ஏற்பதைத் தடுக்கும் பைட்டேட் மிகுதியாகவும் இருந்தன. நாள் முழுவதும் கூரைக்குள் தறியில் உழைப்பவரும், வகுப்பறையிலேயே பொழுதைக் கழிப்பவரும் இதனை எண்ணிப்பார்க்க வேண்டும்.

பதினாறு முதல் பதினெட்டு வயதினருக்கு நாளொன்றுக்கு 1050 மில்லிகிராம் கால்சியம் வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரை. நூறு கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் கால்சியம் உள்ளது. கேழ்வரகை முளைகட்டுவதும் கூழாகப் புளிக்கவைப்பதும் அதிலுள்ள பைட்டேட்டைக் குறைக்கின்றன. பால், தயிர், எள், முருங்கைக்கீரை, முள்ளோடு உண்ணும் சிறுமீன் ஆகியனவும் துணைபுரியும். ஓட்டமும் விளையாட்டும் எலும்பின்மீது சுமையேற்றி அதைத் திண்மையாக்குகின்றன.

டெக்சா கருவி, இருப்பதை அளந்து சொல்லும், இழந்ததை மீட்டுத்தராது. மருந்துகள் மேலும் இழக்காமல் காக்கும், ஓரளவே மீட்டுத்தரும். எலும்பில் திண்மையைச் சேர்க்கும் காலமோ இளமைதான். அறுபது வயதில் நம்மைத் தாங்கவேண்டிய என்பு, பதினாறு வயதில் நெய்யப்படுகிறது.