கையும் கணினியும் கூடி ஆக்கும் அசைவுச் சித்திரம்

அசையாத படங்கள் பலவற்றை அடுத்தடுத்து விரைவாகக் காட்டி, அவை அசைகின்றன என்று கண்ணை நம்பச் செய்வதே அனிமேஷன் என வழங்கும் அசைவூட்டக் கலையாகும். திரைப்படம் ஒரு செக்கனில் 24 படங்களைக் காட்டுவது. ஒரே படத்தை இரண்டு தடவை நிறுத்திக் காட்டினால் செக்கனுக்கு 12 சித்திரங்களும், மூன்று தடவை நிறுத்தினால் 8 சித்திரங்களும் போதும். எட்டில் அசைவு சற்றே தட்டித்தட்டிச் செல்லும். கையால் ஆக்கிய படத்துக்கு அதுவும் ஓர் அழகே. இந்தக் கணக்கை மறந்து தொடங்கிய படங்கள் பெரும்பாலும் பாதிவழியில் நின்றுவிடும்.

இக்கலை நம் அயலுக்குப் புதியதன்று. இந்தியத் திரைப்படத்தின் முன்னோடியான தாதாசாகேப் பால்கே 1912 ஆம் ஆண்டிலேயே பட்டாணிச் செடியொன்று முளைத்து வளர்வதைச் சிறிது சிறிதாகப் படம்பிடித்து, பல நாள் வளர்ச்சியைச் சில கணங்களில் காட்டினார். பின்னர் பம்பாயிலே இந்திய அரசின் பிலிம்ஸ் டிவிஷனில், டிஸ்னி நிறுவனத்தில் பணியாற்றிய கிளேர் வீக்ஸ் என்பாரிடம் பயின்ற ஓவியர் 1957 இல் ஒரு சாதகக் கதையை அசைவூட்டப் படமாக்கினர். அக்காலத்தில் ஒவ்வொரு சித்திரமும் கையால் வரையப்பட்டு, கமராவின் கீழ் ஒவ்வொன்றாக வைத்தெடுக்கப்பட்டது. இன்று டிஜிட்டல் என வழங்கும் எண்ணிம முறை வந்துவிட்டமையால், அன்று ஒரு கூடம் நிறைந்த கருவிகள் செய்த வேலையை மாணவன் ஒருவனின் கைத்தொலைபேசியும் கணினியும் செய்துவிடுகின்றன.

கருவி எளிதாகிவிட்டது, ஆயினும் ஒரு கேள்வி கடினமாகியிருக்கின்றது. எல்லாவற்றையும் கணினியே செய்யக்கூடுமாயின், கை எதற்கு? இரண்டையும் கலந்து ஒரு பரிசோதனைப் படம் ஆக்க எண்ணுவோர் முதலில் விடை காண வேண்டிய கேள்வி இதுவே. பரிசோதனை என்றவுடன் திட்டம் வேண்டா, மனம்போன போக்கிலே செய்யலாம் எனச் சிலர் கருதுவர். நமது கல்லூரியின் விஞ்ஞான ஆய்வுகூடத்தில் பயின்ற எவரும் அதனை ஒப்பார். எதை அறிய விரும்புகின்றோம், எதை மாற்றுகின்றோம், எதை மாற்றாது வைக்கின்றோம் என்பவற்றை முன்னரே எழுதி வைத்தாலன்றிப் பரிசோதனை பரிசோதனையாகாது. படத்துக்கும் அதுவே விதி.

உலகிலே இவ்வழியில் வெற்றி கண்டோரை நோக்கினால், கைக்கும் கணினிக்கும் அவர்கள் வேலையைப் பங்கிட்ட முறை புலனாகும். மும்பையைச் சேர்ந்த கீதாஞ்சலி ராவ் தாமே வரைந்து ஆக்கிய ‘பிரின்ரட் ரெயின்போ’ என்னும் குறும்படம் 2006 இல் கான் திரைப்பட விழாவின் விமர்சகர் வாரப் பிரிவிலே பரிசு பெற்றது. தனிமையில் வாழும் மூதாட்டியொருத்தி தான் சேர்த்த தீப்பெட்டிப் படங்களுக்குள் புகுந்து உலாவுவதே அதன் கதை. அவளது அன்றாட வாழ்வு நிறம் மங்கியும், தீப்பெட்டி உலகம் நிறம் பொலிந்தும் வரையப்பட்டன. நினா பேலி என்னும் அமெரிக்கப் பெண்மணி தம் கணினியில் ஆக்கி 2008 இல் வெளியிட்ட, சீதையின் கதையைத் தழுவிய படத்திலே, கதையின் ஒவ்வோர் அடுக்குக்கும் ஒவ்வொரு சித்திர பாணி உண்டு. வின்சென்ற் வான்கோவைப் பற்றி 2017 இல் வெளிவந்த ‘லவிங் வின்சென்ற்’ படத்திலோ, முதலில் நடிகரை நடிக்கச் செய்து பதிவு செய்தபின், நூற்றுக்கு மேற்பட்ட ஓவியர் ஏறத்தாழ 65,000 சட்டகங்களை எண்ணெய் வர்ணத்திலே தீட்டினர். தீட்டிய ஒவ்வொன்றும் எண்ணிமக் கமராவிற் பதிவாயிற்று. இம்மூன்றிலும் பாணியோ பொருளோ கதையின் தேவையினாலே தெரிவு செய்யப்பட்டது. கைவேலையை அலங்காரமாக ஒட்டவைத்தவர் எவருமிலர்.

இனி, நம் திருநெல்வேலியிலேயே ஓர் உதாரணத்தை எடுத்துத் திட்டம் வகுத்துப் பார்ப்போம். 1921 இல் சேர் பொன்னம்பலம் இராமநாதன் தாபித்த பரமேசுவராக் கல்லூரியின் வளவிலே 1974 இல் யாழ்ப்பாண வளாகம் தொடங்கியது. இன்று அது பல்கலைக்கழகமாகத் திகழ்கின்றது. அதன் மதிலுக்கு அப்பாலே செம்மண் தோட்டங்கள். சுண்ணாம்புக் கல்லினூடே ஊறும் கிணற்று நீரே அத்தோட்டங்களின் உயிர். நீரிறைக்கும் இயந்திரம் வருமுன் அந்நீரை மேலே கொணர்ந்தது துலா. ஆடுகாலிலே பொருத்திய நெடுமரத்தின்மேல் மிதிப்பவர் முன்னும் பின்னும் நடக்க, கிணற்றுவாயிலே நிற்பவர் பட்டையைப் பிடித்து நீரை ஊற்ற, தோட்டத்திலே இன்னொருவர் பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறுவார். அவ்வாறு துலா மிதித்தவர்கள் இன்று நம்மிடையே மிகச் சிலரே. அவர்களும் முதுமை எய்திவிட்டனர். இந்த இறைப்பைப் பற்றி இரண்டு நிமிடப் படம் ஒன்று ஆக்குவது நம் நோக்கம் என்க.

இரண்டு நிமிடம் என்பது 120 செக்கன். செக்கனுக்கு 24 படமென வைத்தால் 2,880 சித்திரங்கள் வேண்டும். எட்டெனக் கொண்டால் 960. நான்கு மாணவர் பாடவேளைக்குப் பின் கூடிச் செய்வதற்கு இதுவும் பெருஞ்சுமையே. ஆகவே படத்தை ஐந்து பகுதிகளாக வகுத்து, ஒவ்வொன்றிலும் கை செய்வது எது, கணினி செய்வது எது என ஓர் அட்டவணையில் எழுதுதல் வேண்டும்.

முதற் பகுதி 30 செக்கன், பொருள், மண். கண்ணாடித் தட்டொன்றின் கீழே மின்விளக்கை வைத்து, அரித்தெடுத்த செம்மண்ணை மேலே பரப்பி, விரலால் விலக்கி உருவங்களை ஆக்கி, ஒவ்வொரு மாற்றத்தையும் மேலிருந்து படம்பிடிக்கலாம். கனடாவின் தேசியத் திரைப்பட சபைக்காகக் கரோலின் லீப் 1974 இல் ஆக்கிய படம் இவ்வாறு மணலால் ஆயது. இம்முறையிலே ஓர் உருவத்தை ஆக்குவதற்கு முந்தியதை அழிக்க வேண்டியிருத்தலின், பின்சென்று திருத்த இயலாது. எனவே 30 செக்கனையும் ஏழரைச் செக்கன் கொண்ட நான்கு காட்சிகளாக்கி, ஒரு காட்சியை ஒரே இருப்பில் முடித்தல் நன்று. காட்சிக்கு 60 படம். படத்துக்கு இரண்டு நிமிடமெனின் ஓர் இருப்புக்கு இரண்டு மணித்தியாலம். நான்கு மாலைகளிலே 240 படங்கள் நிறைவுறும்.

இரண்டாம் பகுதி 24 செக்கன், பொருள், துலா. ஒருமுறை தாழ்ந்து எழுவதற்கு ஆறு செக்கன் எனக் கொள்வோம். சரியான அளவைத் துலா மிதித்த முதியவரிடம் கேட்டுத் திருத்துக. எட்டு வீதம் ஒரு சுற்றுக்கு 48 சித்திரங்கள். இவற்றை ஒருமுறை வரைந்துவிட்டால் எத்தனை சுற்றாயினும் கணினி சலிப்பின்றித் திருப்பிக் காட்டும். இவ்வசதியைக் கண்டு மயங்கலாகாது. தென்னாபிரிக்க ஓவியர் வில்லியம் கென்ரிட்ஜ் 1989 முதல் ஆக்கிவந்த படங்களிலே வேறொரு வழியைக் காட்டியுள்ளார். அவர் ஒரே தாளிலே கரித்துண்டால் வரைந்து, படம்பிடித்து, அதையே அழித்துத் திருத்தி, மீண்டும் படம்பிடிப்பார். அழித்த கரி முற்றாக நீங்காது சுவடாக எஞ்சும். இம்முறையில் துலாவை வரைந்தால், ஒவ்வொரு சுற்றும் தாளிலே தன் தடத்தை விட்டுச் செல்லும். நான்காம் சுற்றிலே தாள் கருத்து உழைத்த தாளாகிவிடும். சுவடு பெருகிக்கொண்டே செல்வதால் இங்கே கணினியின் மீள்காட்டல் உதவாது. நான்கு சுற்றுக்கும் 192 திருத்தங்களைக் கையே செய்தாக வேண்டும். ஒன்றுக்கு மூன்று நிமிடமெனினும் ஏறத்தாழ ஒன்பதரை மணித்தியாலம். இச்செலவு தகும். மனிதன் களைத்த கதையைக் களையாத கருவி சொல்வது பொருந்தாது.

மூன்றாம் பகுதி 24 செக்கன். பொருள், நீரிறைக்கும் இயந்திரம். இதற்கோ கணினியின் மீள்காட்டலே உகந்தது. சுழலும் சில்லுக்கு எட்டுச் சித்திரங்களைத் துப்புரவாக வரைந்து, செக்கனுக்கு ஒருமுறையாக 24 தடவை திருப்பிக் காட்டுக. எட்டும் மாறாமல் வருதலே இயந்திரத்தின் இயல்பு. முன்னைய பகுதியில் பெருகிய சுவடு இங்கே சிறிதும் இராது. ஒரு சொல்லும் உரையாமலே காண்போர் வேறுபாட்டை உணர்வர்.

நான்காம் பகுதி 30 செக்கன். வாய்க்காலில் ஓடிப் பாத்தி நிறைக்கும் நீர். பனையோலையிலும் கடதாசியிலும் வெட்டிய பன்னிரண்டு துண்டுகளைப் பிரதிசெய்து கணினியிலேற்றி, அதனுள்ளேயே நகர்த்தலாம். ஓலையின் நரம்பு கையின் பங்கு. ஓட்டம் கணினியின் பங்கு. ஐந்தாம் பகுதியான இறுதிப் பன்னிரண்டு செக்கனுக்குப் புதிய சித்திரம் வேண்டா. துலா வரைந்த அந்தக் கரித்தாளை அசைவின்றிக் காட்டினாற் போதும். ஆக, 960 படங்களுக்கு ஈடாகக் கை ஆக்குபவை 440 படங்களும் பன்னிரண்டு துண்டுகளுமே.

ஓசையைப் படம் முடிந்தபின் தேடலாகாது. துலா மிதித்த முதியவர்களின் பேச்சை முதலிலேயே பதிவு செய்தல் வேண்டும்; சித்திரம் காத்திருக்கும், முதுமை காத்திராது. அவர்கள் கூறும் மூச்சின் அளவும் காலடியின் அளவுமே அசைவின் அளவைத் தீர்மானிக்கும்.

வேலை நடக்கும் அறையிலே கவனிக்க வேண்டியவை சில. பகலொளி கணத்துக்குக் கணம் மாறுவதால் படம் மினுங்கும். ஆதலின் யன்னலை மூடி, மேலிருந்து எடுக்கும் கரித்தாளுக்கு இரு பக்கமும் சாய்வாக விளக்கு வைக்க வேண்டும். கைத்தொலைபேசியின் ஒளியளவு, குவியம், நிறச்சமநிலை மூன்றையும் பூட்டிவிட வேண்டும். கமராவின் தாங்கியைக் காட்சி முடியுமட்டும் எவரும் தொடலாகாது. சில்லின் எட்டுத் தாள்களும் ஒன்றின்மேல் ஒன்று பிசகாது பொருந்த, அலுவலகத் துளைகருவியால் இரண்டு துளையிட்டு, பலகையிலே பதித்த இரு முளைகளில் மாட்டுக. ஒவ்வொரு நாளின் படங்களையும் இலக்கமிட்டு இரண்டு இடங்களிலே சேமித்து வைக்க. எல்லாவற்றுக்கும் முன்னே, ஒவ்வொரு முறையிலும் ஐந்து செக்கன் மட்டும் செய்து பார்த்து, சென்ற நேரத்தைக் குறித்துக்கொள்ளுதல் இன்றியமையாதது. அக்குறிப்பு அட்டவணையோடு முரண்பட்டால் அட்டவணையைத் திருத்துக. படத்தைச் சுருக்குவதற்கும் அஞ்சற்க.

பொருட்செலவைக் குறித்துத் தயங்க வேண்டியதில்லை. பிளெண்டர், கிரீட்டா முதலிய மென்பொருள்கள் விலையின்றிக் கிடைப்பன. இரண்டு மில்லியனுக்கும் குறைந்த மக்களே வாழும் லத்வியா நாட்டிலிருந்து பிளெண்டரைக் கொண்டு ஆக்கப்பெற்ற ‘புளோ’ என்னும் படம் 2025 இல் சிறந்த முழுநீள அசைவூட்டப் படத்துக்கான ஒஸ்கார் பரிசைப் பெற்றது. சிறிய நாடு என்பதும் சிறிய மொழி என்பதும் இக்கலைக்குத் தடையல்ல.

செம்மண்ணும் கரியும் ஓலையும் நம் வளவிலேயே உள்ளன. கருவியோ மாணவர் கையிலே. நம் மாணவர் சித்திரக் கழகம் இவ்வட்டவணையை எடுத்துக்கொண்டு இவ்வாண்டு ஒரு பகுதியையாவது செய்து பார்க்குமாயின், பழைய மாணவராகிய நாம் விளக்கும் தாங்கியும் வாங்கிக் கொடுப்பதோடு, நம் வீட்டு முதியவரைப் பேசவைக்கும் பணியையும் ஏற்றுக்கொள்வோமாக. அவர்கள் காலடியின் தாளம் பதிவாகிவிட்டால், மீதியைக் கையும் கணினியும் பார்த்துக்கொள்ளும்.