உச்சியில் ரெண்டு பேர்... பனியில் ரெண்டு பேர்!

ஆபீஸில் ஃபைலுக்கு நம்பர் போடுகிற மாதிரி ஒரு மலைக்கு நம்பர் போட்டால் எப்படி இருக்கும்? போட்டிருக்கிறார்கள்!

1856-ல் மாண்ட்கோமரி என்ற பிரிட்டிஷ் சர்வே அதிகாரி, காஷ்மீரில் ஹரமுக் மலைமேல் கருவியை நிறுத்தி, சுமார் 200 கிலோமீட்டருக்கு அப்பால் தெரிந்த காரகோரம் தொடரை நோட்டம் விட்டார். கண்ணில் பட்ட சிகரங்களுக்கு 'கே-1', 'கே-2' என்று வரிசையாக நம்பர் போட்டார். உள்ளூர்ப் பெயரைப் பிற்பாடு விசாரித்துக் கொள்ளலாம் என்பது ஏற்பாடு. கே-1க்கு 'மஷர்ப்ரும்' என்ற பெயர் நிலைத்துவிட்டது. கே-2 மட்டும் இன்றுவரை கே-2தான். பால்டி மக்கள் அதை 'சோகோரி' என்பார்கள். 'பெரிய மலை' என்று அர்த்தம். உலகத்துக்கு என்னவோ நம்பர்தான் பிடித்துப் போயிற்று!

பாகிஸ்தான் வசமுள்ள காஷ்மீருக்கும் சீனாவுக்கும் நடுவே, எல்லைக்கோட்டில் நிற்கிறது இந்த மலை. உயரம் 8,611 மீட்டர். எவரெஸ்ட்டைவிட சுமார் 240 மீட்டர்தான் குறைச்சல்.

'அட, செகண்ட் ராங்க்தானே' என்று அலட்சியம் வேண்டாம். மலையேறிகளைக் கேட்டுப் பாருங்கள். எவரெஸ்ட் என்றால் சிரிப்பார்கள். கே-2 என்றால் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் பேசுவார்கள்.

காரணம் இருக்கிறது. எந்தப் பக்கம் பார்த்தாலும் செங்குத்து. எவரெஸ்ட்டுக்கு ரொம்ப வடக்கே இருப்பதால் குளிரும் காற்றும் இன்னும் மோசம். 8,000 மீட்டருக்கு மேலே போய்விட்டால், ஒவ்வொரு மூச்சிலும் கிடைப்பது கடல் மட்டத்தில் கிடைப்பதைப்போல மூன்றில் ஒரு பங்கு ஆக்ஸிஜன்தான். ஷூ லேஸ் கட்டினாலே மூச்சு வாங்கும். சாப்பாடு இறங்காது, தூக்கம் வராது. அந்த உயரத்துக்கு 'மரண மண்டலம்' என்றே பெயர். ரொம்ப காலத்துக்கு இங்கே கணக்கு இதுதான்: நாலு பேர் உச்சியைத் தொட்டால், ஒருவர் மலையில் இறந்திருப்பார்.

இத்தனைக்கும் நடுவே ஒருவரை நம்பித்தான் இன்னொருவர் ஏறியாக வேண்டும். இடுப்பில் கட்டிய கயிற்றின் மறுமுனையில் இருப்பவர் எப்படிப்பட்டவர் என்பதுதான் கேள்வி!

ஒரு கோடரி... ஆறு உயிர்!

1953, ஆகஸ்ட் 10. அமெரிக்கக் குழுவில் ஆர்ட் கில்கி என்ற இளைஞருக்குக் காலில் ரத்தம் உறைந்துவிட்டது. நடக்க முடியாது. வெளியே புயல். அவரை விட்டுவிட்டு வந்திருந்தால் மற்றவர்கள் சுலபமாக இறங்கியிருக்கலாம். யாரும் அப்படி நினைக்கவில்லை. அவரைச் சுற்றிக் கட்டி, கயிற்றில் மெள்ள மெள்ள இறக்கினார்கள்.

வழியில் ஒருவருக்குக் கால் வழுக்கியது. அவர் இழுத்ததில் அடுத்தவர், அவர் இழுத்ததில் இன்னொருவர்... கயிறுகள் ஒன்றோடொன்று சிக்கி, வரிசையாகச் சரிந்தார்கள். மேலே நின்றவர் பீட் ஷோனிங். ஒரு பாறைக்குப் பின்னால் பனிக்கோடரியைச் செருகி, கயிற்றைத் தோளில் சுற்றி, பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்தார். நின்றது! கில்கியையும் சேர்த்து ஆறு உயிர், ஒரே ஆள் கையில்.

ஆனால், மற்றவர்கள் பக்கத்தில் கூடாரம் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது கில்கியைக் காணோம். பனிச்சரிவு கொண்டு போயிருந்தது. அவர் நினைவாக எழுப்பிய கற்குவியல் இன்றும் அடிவாரத்தில் இருக்கிறது.

அந்த ராத்திரி...

அடுத்த வருஷமே இத்தாலியர்கள் வந்தார்கள். தலைவர் ஆர்தீத்தோ தேசியோ, நிலவியல் புரொபசர். உச்சிக்குப் போகத் தேர்வானவர்கள் கம்பன்யோனி, லாச்சடெல்லி என்ற இருவர். 1954, ஜூலை 30 அன்று அவர்கள் கடைசிக் கூடாரத்தை அமைக்க மேலே போனார்கள். பின்னாலேயே ஆக்ஸிஜன் சிலிண்டர்களைக் கொண்டு போய்ச் சேர்க்க வேண்டும். அந்தப் பொறுப்பு 24 வயது வால்டர் பொனாட்டிக்கு. கூடச் சுமந்தவர், ஹுன்சாவைச் சேர்ந்த அமீர் மஹ்தி. வயது 41.

மஹ்தி லேசுப்பட்டவர் இல்லை. முந்தின வருஷம் நங்கபர்பத் மலையிலும் வேலை பார்த்த கைதேர்ந்த ஆள். ஆனால் பூட்ஸ்? அவர் காலுக்குச் சரியானது கிடைக்கவில்லை. இரண்டு சைஸ் சின்ன பூட்ஸோடு ஏறினார் என்கிறார்கள் அவர் குடும்பத்தார். 'நீயும் உச்சிக்குப் போகலாம்' என்று ஆசை காட்டித்தான் அவரை மேலே அழைத்துப் போனார்கள்.

ஆளுக்கு ஏறத்தாழ 20 கிலோ. பொழுது சாய்ந்தது. பேசி வைத்த இடத்துக்குப் போனால்... கூடாரம் இல்லை! கூப்பிட்டார்கள். கத்தினார்கள். கடைசியில் மேலே, பாறைகளுக்கு அந்தப் பக்கத்தில் ஒரு விளக்கு தெரிந்தது. 'சிலிண்டரை வைத்துவிட்டுக் கீழே போங்கள்' என்று குரல் வந்தது. அப்புறம் விளக்கு அணைந்துவிட்டது.

இருட்டில் கீழே போவதாவது! சுமார் 8,100 மீட்டர் உயரத்தில், கூடாரம் இல்லாமல், படுக்கைப் பை இல்லாமல், பனியில் ஒரு படி வெட்டி, இருவரும் விடிய விடிய உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை அந்த உயரத்தில் அப்படி ராத்திரியைக் கழித்து யாரும் பிழைத்ததில்லை. இவர்கள் பிழைத்தார்கள்.

மறுநாள், ஜூலை 31. அந்த சிலிண்டர்களை எடுத்து மாட்டிக்கொண்டு கம்பன்யோனியும் லாச்சடெல்லியும் சாயங்காலம் உச்சியைத் தொட்டார்கள். இத்தாலி கொண்டாடித் தீர்த்தது. அதே சமயம் மஹ்தி ஆஸ்பத்திரியில். பனி தின்ற கால்விரல்கள் அத்தனையையும் எடுத்துவிட்டார்கள். அதன்பின் அவர் மலையேறவே இல்லை.

கதை இதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. பத்து வருஷம் கழித்து, 1964-ல் ஒரு பத்திரிகையில் செய்தி: 'பொனாட்டி ராத்திரி ஆக்ஸிஜனைத் திருட்டுத்தனமாக உபயோகித்துவிட்டார். அதனால்தான் உச்சிக்கு முன்பே அது தீர்ந்துவிட்டது!' தகவல் வந்தது கம்பன்யோனி தரப்பிலிருந்து.

பொனாட்டி கோர்ட்டுக்குப் போனார். அவர் கேட்டது சாதாரணக் கேள்வி: 'முகமூடி மேலே போனவர்களிடம் இருந்தது. முகமூடி இல்லாமல் சிலிண்டரை நான் என்ன செய்ய?' 1966-ல் ஜெயித்தார். பின்னாளில் ராபர்ட் மார்ஷல் என்ற ஆஸ்திரேலிய டாக்டர் பழைய போட்டோக்களைத் துருவினார். 'ஆக்ஸிஜன் தீர்ந்துவிட்டது' என்ற கம்பன்யோனி, உச்சியில் முகமூடியோடு நிற்கிறார்! தீர்ந்துபோன சிலிண்டரை யாராவது முகத்தில் மாட்டிக்கொண்டு நிற்பார்களா?

2004-ல் லாச்சடெல்லியே உடைத்துச் சொன்னார். பேசிய இடத்தைவிட மேலே கூடாரம் போட்டது கம்பன்யோனியின் முடிவு என்று. 2008-ல் இத்தாலிய மலையேறும் சங்கம் பொனாட்டி சொன்னதே உண்மை என ஏற்றுக்கொண்டது. ஐம்பத்து நாலு வருஷம்! அதைக் கேட்க மஹ்தி இல்லை. 1999-லேயே போய்விட்டார்.

ராத்திரியெல்லாம் உட்கார்ந்து ரிப்போர்ட் தயார் செய்தவர் ஒருவர், மறுநாள் மேனேஜரிடம் கை குலுக்கியவர் இன்னொருவர் என்ற அனுபவம் நமக்கும் உண்டு. ஆனால் நமக்குக் கால்விரல் போகவில்லை.

பத்து பேர், ஒரே வரிசை!

உச்சிக்குக் கீழே சுமார் 8,200 மீட்டரில் 'பாட்டில்நெக்' என்ற குறுகலான இடம். தலைக்கு மேலே பிரம்மாண்டமான பனிச்சுவர் தொங்கும். 2008 ஆகஸ்டில் அது உடைந்து கயிறுகளை அறுத்துக்கொண்டு போனது. அந்தப் பயங்கரத்தில் மாண்டவர்கள் 11 பேர். பாசாங் லாமா என்ற ஷெர்பா, கையில் கோடரிகூட இல்லாமல் இருட்டில் மாட்டிக்கொண்டார். சிரிங் தோர்ஜே என்ற இன்னொரு ஷெர்பா அவரைத் தன் இடுப்போடு கட்டிக்கொண்டு, ஒற்றைக் கோடரியால் அங்கிருந்து இறங்கினார். பீட் ஷோனிங்குக்குச் சளைத்ததா இது?

2021, ஜனவரி 16. அதுவரை குளிர்காலத்தில் யாருமே கே-2வை ஏறியதில்லை. அன்று பத்து நேபாளிகள் ஏறினார்கள். முதலில் போனவர் ஓடிப்போய்க் கொடி நடவில்லை. உச்சிக்குச் சில மீட்டர் கீழே நின்று, பின்னால் வந்தவர்களுக்காகக் காத்திருந்தார்கள். எல்லோரும் சேர்ந்த பிறகு, தேசிய கீதம் பாடியபடி ஒன்றாக நடந்து உச்சியைத் தொட்டார்கள். தலைமுறை தலைமுறையாக மற்றவர்களின் மூட்டையைச் சுமந்த இனத்தார், 'முதல் ஆள் யார்' என்ற கேள்வியையே இல்லாமல் பண்ணிவிட்டார்கள்!

இத்தோடு 'சுபம்' போட ஆசைதான். மலை விடவில்லை. 2023 ஜூலையில் அதே பாட்டில்நெக்கில் முகமது ஹஸன் என்ற பாகிஸ்தானித் தொழிலாளி வழுக்கி விழுந்து கயிற்றில் தொங்கினார். கயிறு கட்டும் வேலைக்காக வந்தவர். அந்த உயரத்துக்கு ஏற்ற உடுப்பும் சாமான்களும் அவரிடம் போதுமானதாக இல்லை. சிலர் அவரைத் தூக்கிவிட்டு, ஆக்ஸிஜன் கொடுத்துப் பார்த்தார்கள். ஆனால் பலர் அவரைத் தாண்டி உச்சிக்குப் போய்க்கொண்டே இருந்தார்கள். ஹஸன் அங்கேயே இறந்து போனார். படம் எடுத்த டிரோனில் எல்லாம் பதிவாகியிருந்தது.

அடுத்த முறை டி.வி.யில் யாராவது சிகரத்தின்மேல் கொடி பிடித்து நிற்கிற படம் வந்தால், கைதட்டுங்கள். தப்பில்லை. கூடவே ரெண்டு கேள்வியும் கேட்டு வையுங்கள். அந்தப் போட்டோவை எடுத்தது யார்? அவர் போட்டிருந்த பூட்ஸ் அவர் சைஸ்தானா?