முடுக்கத்தின் அலகு மாற்றம்

1954 டிசம்பர் 10 அன்று, அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்திலுள்ள ஹாலோமன் விமானப்படைத் தளத்தில், தண்டவாளத்தில் ஓடும் ராக்கெட் வண்டியொன்றில் மருத்துவரும் படை அதிகாரியுமான ஜான் பால் ஸ்டாப் வார்ப்பட்டைகளால் இறுகப் பிணைக்கப்பட்டு அமர்ந்தார். மணிக்கு 632 மைல் வேகத்தை எட்டிய அவ்வண்டி, ஏறத்தாழ 1.4 விநாடியில் நிறுத்தப்பட்டது. விபத்துக்குள்ளாகும் விமானியின் உடல் எவ்வளவு எதிர்முடுக்கத்தைத் தாங்கும் என்பதே சோதனையின் வினா. தரவுகளோ மைலிலும் மணியிலும் விநாடியிலும் கலந்து கிடக்கின்றன.

திசைவேகம் மாறும் வீதமே முடுக்கம். திசைவேகத்தின் அலகில் காலம் ஏற்கெனவே ஒருமுறை பகுதியில் அமைந்துள்ளது. அதன் மாற்றத்தை மீண்டும் காலத்தால் வகுப்பதால், முடுக்கத்தின் அலகில் காலம் இருமுறை இடம்பெறுகிறது. பன்னாட்டு அலகு முறையில் அது மீ/வி² ஆகும்.

1 மைல் = 1609.344 மீ; 1 மணி = 3600 வி. எனவே,

632 மைல்/மணி = 632 × 1609.344 ÷ 3600 = 282.5 மீ/வி
சராசரி எதிர்முடுக்கம் = 282.5 ÷ 1.4 = 201.8 மீ/வி²

இங்கு 3600 ஒருமுறையே பயன்பட்டது. நிறுத்தப்பட்ட நேரம் முன்பே விநாடியில் இருந்ததே காரணம். எல்லா நேரமும் மணியில் அமைய வேண்டுமெனில் 3600ஐ இருமுறை கையாள வேண்டும்.

1 மீ/வி² = 3600 × 3600 ÷ 1000 = 12,960 கி.மீ/மணி²

தேர்வில் மாணவர் பலர் இவ்விடத்தில் 3.6 என எழுதிவிடுகின்றனர். 3.6 பொருளற்ற எண் அன்று; அது வேறோர் அலகுக்கு உரியது. ஒவ்வொரு விநாடியிலும் வேகம் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் கூடுகிறது என்று கணக்கிடும்போது 3.6 பொருந்தும். சுழியிலிருந்து மணிக்கு 100 கி.மீ வேகத்தைப் பத்து விநாடியில் எட்டும் மகிழுந்து, விநாடிக்கு 10 கி.மீ/மணி வீதம் முடுக்கம் பெறுகிறது. அதனை 3.6ஆல் வகுத்தால் 2.78 மீ/வி² கிடைக்கும்.

விமானவியலில் புவியீர்ப்பு முடுக்கத்தையே அளவுகோலாகக் கொண்டு ‘ஜி’ என்னும் அலகால் அளப்பது வழக்கம். ஈர்ப்பு முடுக்கம் நிலநடுக்கோட்டில் சுமார் 9.78 மீ/வி², துருவங்களில் சுமார் 9.83 மீ/வி² என இடத்துக்கிடம் மாறும். ஆதலின், 1901ஆம் ஆண்டு நடந்த எடைகள், அளவைகள் பொது மாநாடு 9.80665 மீ/வி² என ஒரு திட்ட மதிப்பை வரையறுத்தது. இதன்படி ஸ்டாப் அடைந்த சராசரி எதிர்முடுக்கம் 201.8 ÷ 9.80665 = 20.6 ஜி.

ஆனால் அச்சோதனையில் பதிவான உச்ச மதிப்பு 46.2 ஜி, அதாவது 453 மீ/வி². இரண்டும் முரண்பட்டவை அல்ல. நீர்த்தடை கொண்டு நிறுத்தப்பட்ட வண்டியின் வேகம் சீராகக் குறையவில்லை. உச்சம் சிறுபொழுதே நீடித்தது. கண்களின் நுண்குழாய்கள் வெடித்துத் தற்காலிகமாகப் பார்வை இழந்த ஸ்டாப் பின்னர் நலம் பெற்றார். மகிழுந்துகளில் இருக்கைப் பட்டை வேண்டும் என்றும் தொடர்ந்து வலியுறுத்தினார்.

புவி இயற்பியலாளருக்கோ ‘ஜி’ மிகப் பெரிய அலகு. அவர்கள் கலிலியோவின் பெயரால் அமைந்த ‘கால்’ என்னும் அலகைப் பயன்படுத்துகின்றனர். இது உடலுறுப்பும் அன்று, நான்கில் ஒரு பங்கும் அன்று; 1 கால் = 1 செ.மீ/வி² = 0.01 மீ/வி². ஆகவே 1 ஜி = 980.665 கால். நிலத்தடியில் அடர்த்தி மிக்க தாதுப் படிவு இருப்பின் மேற்பரப்பில் ஈர்ப்பு மிகச் சிறிதளவே கூடும். அதனை அளக்கக் காலின் ஆயிரத்தில் ஒரு பங்கான மில்லிகால், அதாவது 0.00001 மீ/வி², பயன்படுகிறது.