முழங்காலுக்கு மிளகாய்

சித்தூர் பக்கத்திலிருந்து வந்து அலிபிரியில் இறங்கும் வயதான பக்தரின் பையில் தேங்காய், கர்ப்பூரத்தோடு தைல பாட்டிலும் இருக்கும். ஏறவேண்டியவை சுமார் 3,550 படிகள். உச்சியை நெருங்கும்போது செங்குத்தான மோகாள்ள பர்வதம் - தமிழர்களுக்கு 'முழங்கால் முறிச்சான்'. ராமானுஜர் இதை முழங்காலாலேயே ஏறினார் என்பது ஐதீகம்.

தைலத்தின் கர்ப்பூரம் வலியைச் சற்று நேரம் மறக்கடிக்கும். தேய்ந்த மூட்டை வளர்க்காது. மருத்துவர்களின் ஆதரவு அதிகம் ஆந்திரத்தின் சொந்தச் சரக்கான மிளகாய்க்குத்தான். அதன் காரச்சத்தான கேப்சைசின் கலந்த களிம்பை முழங்கால் வலிக்கு நிபந்தனையோடு சிபாரிசு செய்கிறது அமெரிக்க மூட்டுநோய் மருத்துவர்களின் 2019ஆம் ஆண்டு வழிகாட்டி. தினம் மூன்று நான்கு முறை, சில வாரங்கள் தடவவேண்டும், முதலில் எரியும். மலையேறும் காலையில் அவசரமாகத் தடவிப் பயனில்லை. சமையலறைத் தூளைக் குழைத்துப் பூசினாலோ, தோல் வெந்துவிடும்.

இறங்கும்போதுதான் மூட்டுக்குப் பாரம் அதிகம். அதற்கு பஸ் இருக்கிறது.