கல்லைக் கவ்விய இரும்பு

சீகிரியாக் குன்றில் ஏறுவோர் ஓவியங்களையும் சிங்கப் பாதங்களையும் வியந்து நோக்குவர். தம்மைத் தாங்கும் படிகளைப் பாறையோடு பிணைத்துள்ள இரும்பை நோக்குவோர் சிலரே. 1889ஆம் ஆண்டில் பொதுவேலைப் பகுதியைச் சேர்ந்த மறே என்பார் அவ்வோவியங்களைப் படியெடுக்க முற்பட்டபோது, தமிழ்க் கற்கொத்தர் பாறையில் ஒன்றன்மேல் ஒன்றாகத் துளையிட்டு, இரும்புக் கம்பிகளைச் செருகிச் சீமெந்தால் இறுக்கி, அவற்றைப் பற்றி மேலேறினர்.

அக்கம்பிகளை நிறுத்தியது சீமெந்து. இந்நாளில் வீட்டுப் பட்டறையிலே கடைசற் பொறியையும் சாணையையும் நிலத்தோடு பிணைக்கும் விரியும் போல்ட்டோ உராய்வினால் நிற்பது. அதன் அடியிற் கூம்பு ஒன்றும், அதைச் சுற்றிப் பிளவுபட்ட உறையொன்றும் உள. முறுக்குந்தோறும் கூம்பு மேலெழுந்து உறையை விரிக்க, உறை துளையின் சுவரைக் கவ்விக்கொள்கிறது. ஆதலின் மேல்நோக்கி இழுப்பது அதனை மேலும் இறுக்குவதேயாம். கடப்பாரையால் நெம்புவோர் போல்ட்டை எடுப்பதில்லை, கொங்கிறீற்றையே உடைக்கின்றனர்.

கழற்றும் முறை, பூட்டிய முறையின் மறுதலையாகும். துருவேறியிருப்பின் மண்ணெண்ணெயிட்டு ஓரிரவு ஊறவிடுக. தலையைச் சில சுற்று மட்டும் தளர்த்தி, முற்றும் கழற்றாது, சுத்தியலால் நேராகக் கீழ்நோக்கித் தட்டுக. கூம்பு இறங்கும், உறை சுருங்கும், பின்னர் இரண்டையும் மெல்ல வெளியே எடுக்கலாம். முறுக்கும்போது உறையும் உடன் சுழலுமாயின், பொறியின் அடியில் மர ஆப்பு வைத்துச் சிறிது உயர்த்துக. அவ்விழுவிசை உறையைத் துளையிற் பதியச் செய்யும். அப்போது போல்ட்டு மட்டும் திரும்பும். கூம்பு போல்ட்டோடு ஒன்றாய் அமைந்த வகையாயின் அதனைப் பிடுங்க முயலவே வேண்டா. சுரையைக் கழற்றிப் பொறியை மேலே தூக்கி எடுத்தபின், எஞ்சிய முனையை நிலமட்டத்தில் அறுத்துச் சீமெந்தால் மூடிவிடுதலே தக்கது. அறுக்கும்போது கண்ணாடியணிந்து கண்ணைக் காத்தல் வேண்டும்.

இரும்பைக் கல்லில் விட்டுவைப்பதிலும் ஓர் இடருண்டு. துருவானது தான் பிறந்த இரும்பினும் மிகுந்த இடத்தை அடைப்பது. எனவே சுற்றியுள்ள கல்லை உள்ளிருந்தே பிளக்கும். ஏதென்ஸ் நகரத்துப் பார்த்தினன் கோயிலைக் கட்டிய பண்டைக் கிரேக்கர் தம் இரும்புப் பிணைப்புகளுக்கு ஈயம் வார்த்துக் காத்தனர். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிற் புதுக்கியோர் அக்காப்பின்றி இட்ட இரும்போ துருவேறிச் சலவைக்கல்லை வெடிக்கச் செய்தது. பின்வந்தோர் அவற்றை அகற்றித் துருப்பிடிக்காத தைத்தேனியத்தை வைக்க நேர்ந்தது.

நிலமட்டத்தில் அறுத்த முனையை நீர் புகாதவாறு மூடச் சொல்வதும் இதனாலேயே. பட்டறைத் தளம் உடைந்தால் மீளப் பூசலாம். சீகிரியாப் பாறை உடைந்தால் மீளாது. துளையிடுமுன்னரே, இவ்வாணியை ஒருநாள் எங்ஙனம் கழற்றுவோம் என்று எண்ணிப் பார்ப்பவனே நல்ல தொழிலாளி. பொறிகளைக் கையாளப் புகும் நம் இளைய மாணவர்க்கு நாம் கூற விழைவதும் அதுவே.