வந்த சேதியெல்லாம் உண்மையா?



செல்போனில் வரும் சேதி உண்மையா பொய்யா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரையில் எழுதியிருக்கிறேன். முதலில் நான் செய்த ஒரு தப்பைச் சொல்லிவிடுகிறேன்.

போன பரீட்சை லீவில் எங்கம்மா போனுக்கு ஒரு ஆடியோ வந்தது. "பிள்ளை பிடிக்கிற கும்பல் நம்ம பக்கம் வந்திருக்கு, குழந்தைங்கள வெளிய விடாதீங்க, எல்லாருக்கும் அனுப்புங்க" என்று ஒருத்தர் பதட்டமாகப் பேசினார். எனக்குக் கையெல்லாம் நடுங்கிடுச்சு. தம்பியை வீட்டுக்குள்ளே இழுத்து விட்டுட்டு, அம்மாவைக் கேட்காமலே சொந்தக்காரங்க எல்லாருக்கும் அனுப்பிட்டேன். நல்லது செய்ததாகத்தான் நினைத்தேன்.

இரண்டு நாள் கழித்து எங்கள் தெருவுக்கு முடி வாங்குறவர் ஒருத்தர் சைக்கிளில் வந்தார். அவருக்குத் தமிழ் சரியா வராது. நாலு பேர் சைக்கிளைப் பிடிச்சு நிறுத்தி, "யாரு நீ? பையில என்ன?" என்று அதட்டினார்கள். கூட்டம் கூடிவிட்டது. ஒருத்தர் கையில் விறகுக்கட்டை. நல்லவேளை, பக்கத்து வீட்டு ஆயா ஓடி வந்து, "இவரு வருஷா வருஷம் வர்றவருப்பா, போன பொங்கலுக்கு எங்கிட்ட முடி வாங்கிட்டு கிண்ணம் குடுத்தாரு" என்று சொன்னாங்க. பையைத் திறந்து பார்த்தால் முடியும் கிண்ணமும்தான் இருந்தது. அவர் ஒண்ணும் பேசாமல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். அந்தக் கூட்டத்தில் ஒரு மாமாவின் போனில் ஓடிக்கொண்டிருந்தது நான் அனுப்பிய அதே ஆடியோ.

ஆயா வராமல் இருந்திருந்தால்? 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கத்தில் அத்திமூரில் அப்படி யாரும் வரவில்லை. குலதெய்வம் கோயிலுக்குக் காரில் வந்த ஒரு குடும்பம் அங்கே வழி கேட்டது. குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்தது. பிள்ளை பிடிக்கிறவங்க என்று நினைத்து ஊர் ஜனங்கள் அவர்களை அடித்தார்கள். அதில் 65 வயதுப் பாட்டி ஒருவர் இறந்தே போனார். வாட்ஸ்அப்பில் சுற்றிய வதந்திதான் காரணம்.

வீடியோவே இருக்கே, அது எப்படிப் பொய்யாகும்?

இப்படித்தான் நிறைய பேர் கேட்கிறார்கள். அதே 2018இல் இந்தியா முழுவதும் ஒரு வீடியோ சுற்றியது. பைக்கில் இரண்டு பேர் வருவார்கள். தெருவில் விளையாடும் ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு பறந்துவிடுவார்கள். பார்த்தால் யாருக்கும் பயமாகத்தான் இருக்கும். ஆனால் அது பாகிஸ்தானில் கராச்சி நகரில் குழந்தைகளைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளச் சொல்லி எடுத்த விழிப்புணர்வுப் படம். முழுப் படத்தில் அந்த பைக்காரர்கள் திரும்பி வந்து, குழந்தையை இறக்கி விட்டுட்டு, ஒரு அட்டையைப் பிடித்துக் காட்டுவார்கள். அந்தக் கடைசிப் பகுதியை யாரோ வெட்டிவிட்டார்கள். சில விநாடிகளை வெட்டியதும் நல்லதுக்கு எடுத்த படம் உயிரை வாங்குகிற படமாக மாறிவிட்டது.

இன்னொரு உதாரணம். தீபாவளி ராத்திரியில் இந்தியா எப்படி ஜொலிக்குது பாருங்க, நாசா எடுத்த படம் என்று கலர் கலராக ஒரு படம் வரும். பார்த்திருப்பீங்க. அது ஒரே ராத்திரியில் எடுத்த படமே இல்லை. நகரங்கள் எப்படி வளர்ந்தன என்று காட்ட, பல வருஷத்துப் படங்களைச் சேர்த்து அமெரிக்க விஞ்ஞானி ஒருவர் 2003இல் செய்தது. வெள்ளை நிறம் 1992க்கு முன்பே இருந்த விளக்குகள். நீலம் 1992இலும், பச்சை 1998இலும், சிவப்பு 2003இலும் புதிதாகத் தெரிந்தவை. இது தீபாவளிப் படம் இல்லை என்று நாசாவே 2012இல் சொல்லிவிட்டது. இருந்தாலும் படம் நிற்கவில்லை.

இரண்டிலும் படம் நிஜம்தான். கூட ஒட்டிய கதைதான் பொய். அதனால் படத்தைப் பார்த்து மட்டும் நம்பக் கூடாது. இப்போது செயற்கை நுண்ணறிவால் ஒருவருடைய குரலையும் முகத்தையும்கூடப் போலியாகச் செய்ய முடிகிறது. எனவே இன்னும் கவனம் வேண்டும்.

எப்படிச் சரிபார்ப்பது?

1. எந்த ஊர், என்றைக்கு, சொன்னது யார் என்று மூன்று கேள்வி கேளுங்கள். எனக்கு வந்த ஆடியோவில் மூன்றுமே இல்லை. "நம்ம பக்கம்" என்றால் எந்த ஊரில் கேட்டாலும் அவங்க பக்கம்தானே!

2. படமாக இருந்தால் கூகுள் லென்ஸில் போட்டுத் தேடுங்கள. அந்தப் படம் இதற்கு முன் எங்கே வந்தது என்று காட்டும். பழைய படம் என்றால் பெரும்பாலும் அங்கேயே மாட்டிக்கொள்ளும்.

3. பெரிய விஷயம் என்றால் நாளிதழிலும் டிவியிலும் வரும். ஒரே இடத்தில் மட்டும் இருந்தால் காத்திருங்கள்.

4. பயமோ கோபமோ வந்தால் உடனே அனுப்பாதீர்கள். "எல்லாருக்கும் அனுப்பு" என்று அவசரப்படுத்தும் சேதியைத்தான் அதிகம் சந்தேகப்பட வேண்டும்.

5. சேதிக்கு மேலே இரண்டு அம்புக்குறி இருந்தால், அது பல கை மாறி வந்தது என்று அர்த்தம். அனுப்பிய சித்தப்பா நல்லவர்தான். ஆனால் அவருக்கும் யாரோ அனுப்பியதுதான்.

2018இல் வாட்ஸ்அப் நிறுவனம் இந்தியாவில் ஒரு சேதியை ஒரே நேரத்தில் ஐந்து சாட்டுகளுக்கு மேல் அனுப்ப முடியாதபடி செய்தது. அதே வருஷம் கேரளாவில் கண்ணூர் மாவட்டத்தில் சுமார் 150 அரசுப் பள்ளிகளில் பொய்ச் சேதியைக் கண்டுபிடிக்க வகுப்பு நடத்தினார்கள். அதன் பெயர் 'சத்யமேவ ஜயதே'. நம் பள்ளியிலும் வாரம் ஒரு பீரியட் இப்படி நடந்தால் நன்றாக இருக்கும் என்று ஆசிரியர்களைப் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். வீட்டில் பெரியவங்க போனை நம்மகிட்டதான் கொடுத்துப் படிக்கச் சொல்றாங்க. நாம் கற்றுக்கொண்டால் வீட்டுக்கே சொல்லிக் கொடுக்கலாம்.

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று நம் பெரியவர்கள் செல்போன் வருவதற்கு முன்பே சொல்லிவிட்டார்கள்.

நான் அனுப்பிய எல்லாருக்கும், "அது பொய், நான் விசாரிக்காமல் அனுப்பிட்டேன், மன்னிச்சிடுங்க" என்று மறுபடி சேதி அனுப்பினேன். சில பேர்தான் பதில் போட்டாங்க. அந்த ஆடியோ இன்னும் எந்த ஊரில் சுற்றுகிறதோ தெரியாது. முடி வாங்குறவர் அதற்கப்புறம் எங்கள் தெருப் பக்கம் வரவே இல்லை. வந்தால் அவரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டும்.



— ஒன்பதாம் வகுப்பு மாணவி